வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கோச்சடை
1938, ஆனி 5

சிரஞ்சீவி தம்பி சிவனாண்டிக்கு அக்கா அன்னக்கொடி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் தங்கப்பொண்ணும் ஓமலூர்த் தண்ணிக்குப் பழகிட்டீங்களா? உன் வயித்து வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

விஷயம் என்னன்னா, உன் டிபார்ட்மெண்டு ஆள் ஒருத்தன் என் வீட்டு வாசல்ல சைக்கிளைச் சாத்திட்டு விறுவிறுன்னு உள்ள வந்துட்டான். அப்துல் லத்தீப்னு பேரு. காஜிமார் தெருப் பையன், மீசை இப்பத்தான் கறுக்குது. ஹெல்த் இன்ஸ்பெக்டராம். "இங்க யாருக்கும் காலரா இல்லையே தம்பி"ன்னேன். "காலராவுக்கு வரலைங்க. வயசானவங்களைப் பணம் வாங்கிட்டு வச்சுப் பராமரிக்கிற வீடுகளை இனிமே சர்க்கார் பார்வையிடணும்னு புது உத்தரவு. லைசென்ஸ் எடுக்கணும்"னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரி வார்டுல ஆயாவாக் கிடந்து பாதி ஆயுசு போச்சு. உன் மச்சான் போனப்புறம் இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒத்தையா இருக்க முடியாம, பார்க்க ஆளில்லாத பெருசுகளைச் சேத்து வச்சுக்கிட்டேன். ஒருத்தருக்கு மகன் கொழும்புல, ஒருத்தருக்கு மக பினாங்குல. அவங்க மணியார்டர் பண்றாங்க, நான் கஞ்சி ஊத்துறேன். இதுல சர்க்காருக்கு என்ன வேலை?

அவன் வீட்டைச் சுத்தி வந்து போட்ட கட்டளையைக் கேளு. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணுமாம். ஜன்னலைப் பகல் பூராத் திறந்து வைக்கணுமாம். ஆளுக்கொரு தம்ளர், அதுல பேர் வெட்டியிருக்கணுமாம். எழுமலை மாயக்காளுக்குத் தன் பேரே பாதி நாள் ஞாபகம் இல்ல. தம்ளரைப் படிச்சுத் தெரிஞ்சுக்குவாளா? சமையல்கட்டுல இருந்து செல்லத்தாய் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு மோர் இப்பவே கொடுக்கவா, இல்ல பேரை வெட்டிட்டுத்தான் கொடுக்கணுமா?"ன்னு கேட்டுட்டா. அவனுக்கு மூஞ்சி சிவந்து போச்சு.

எந்த மகராசன் உக்காந்து இந்த உத்தரவை எழுதினான்? நீயும் அதே உத்தியோகத்துல இருக்க. "அது எங்க அக்கா வீடு, தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு அவனுக்கு ரெண்டு வரி எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
அன்னக்கொடி


ஓமலூர்
29-6-1938

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சிவனாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சௌக்கியம். வயிற்று வலி குறைந்திருக்கிறது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கும்படி தங்கப்பொண்ணு சொல்லச் சொன்னாள்.

உத்தரவு உண்மைதான். எல்லா ஜில்லாவுக்கும் வந்திருக்கிறது. அப்துல் லத்தீப் தன் வேலையைச் செய்கிறார். நான் அவருக்கு எழுதுவது முறை அல்ல. என் சரகத்தில் இப்படி யாராவது எனக்கு எழுதினால் நான் அதை மதிக்கமாட்டேன். சுண்ணாம்பு அடித்துவிடு. ஜன்னலைத் திறந்து வை. தம்ளரில் பேருக்குப் பதிலாக அடையாளம் போட்டால் போதுமா என்று கேட்டுப் பார், ஒப்புக்கொள்வார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் படுக்கிற அறைகளில் எந்தக் கதவுக்காவது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? பதிலில் எழுது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி
சிவனாண்டி


கோச்சடை
1938, ஆடி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் கடிதாசி கிடைச்சு நாளாச்சு. எனக்கு உக்கார நேரமில்ல. தங்கப்பொண்ணு சொன்ன வைத்தியம் பண்றேன், கொஞ்சம் கேக்குது.

உன் பேச்சைக் கேட்டு ஜன்னலைத் திறந்து வச்சேன். ஆடிக் காத்து, வைகை மணலை அள்ளிக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள கொட்டிருச்சு. இங்க இருக்கிற பேயாண்டி அண்ணனுக்கு ஏற்கெனவே இளைப்பு. மூணு நாள் உக்காந்துக்கிட்டே தூங்குனாரு. சாத்தி வச்சேன். மறுநாளே இந்தப் பையன் வந்து நிக்கிறான். "காத்தோட்டம் இல்லையே"ங்குறான். "காத்துதான்யா எங்களைக் கொல்லுது"ன்னேன். "அப்ப காத்து அடிக்கையில சாத்துங்க, அடிக்காதப்ப திறந்து வைங்க"ன்னு ரொம்ப யோசிச்சுச் சொன்னான். இதைச் சொல்றதுக்கு ஒரு உத்தியோகம், அதுக்கு ஒரு சைக்கிள் அலவன்ஸ்.

சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஒச்சாயிக்குத்தான் கண்ணு தெரியாதே, சுவரைத் தடவிக்கிட்டே நடப்பா. இப்ப சாயங்காலமானா தலையிலிருந்து காலு வரைக்கும் வெள்ளையா வந்து நிக்கிறா. பேயாண்டி அண்ணன் அவளைப் பார்த்துப் பேய்னு அலறினாரு. வாசல்ல போர்டு வைக்கணுமாம், அதுவும் இங்கிலீஷ்ல. கோச்சடையில மாட்டுக்கா படிச்சுக் காட்டுறது?

மாயக்காள் பழையபடிதான். எருமைக்குத் தண்ணி காட்டணும்னு, உசிலம்பட்டி தாண்டி இருக்கிற தன் ஊர் எழுமலைக்குக் கிளம்பிக்கிட்டே இருக்கா. எருமை செத்து எந்தக் காலமோ ஆச்சு, வீடும் இடிஞ்சு கிடக்கு. மகன் சுருளி கொழும்புல கடையில நிக்கிறான். அவளை நான் பார்த்துக்கிறேன், அதுல ஒண்ணும் குறையில்ல.

உன் வயித்துக்கு மோர் குடி. காரம் சேக்காத.

அக்கா
அன்னக்கொடி


ஓமலூர்
10-8-1938

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலம். இங்கே காலரா ஊசி போடும் வேலை நெருக்குகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, இல்லையா?

தம்பி
சிவனாண்டி


கோச்சடை
1938, ஆவணி 4

சிவனாண்டிக்கு அக்கா எழுதுவது. இங்க அத்தனை பேரும் உசுரோட இருக்கோம். சுகம் விசாரிச்சதுக்கு சந்தோசம்.

நாலு வரி எழுதியிருக்க, அதுல ரெண்டு வரி போலீஸ்காரன் மாதிரி கேள்வி. யாரைப் பார்த்துடா கேக்குற? நான் என்ன ஜெயிலா நடத்துறேன்? பேயாண்டி அண்ணனுக்கு இளைப்பு வந்தா நெஞ்சைத் தடவி விடுறது யாரு? ஒச்சாயிக்குச் சோத்தைப் பிசைஞ்சு கையில உருட்டி வைக்கிறது யாரு? மாயக்காள் சேலையை நனைச்சுட்டு நின்னா மூஞ்சி சுளிக்காம அலசிக் காயப்போடுறது யாரு? பெத்த பிள்ளைக வரல. உங்க சர்க்கார் இத்தனை வருஷத்துல ஒரு நாள் எட்டிப் பார்த்துச்சா? இப்ப தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்து தாழ்ப்பாளை எண்ணுதாக்கும்.

வீடுன்னா கதவு இருக்கும், கதவுன்னா தாழ்ப்பாள் இருக்கும். இனிமே இதைப் பத்தி எழுதாத. உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். அந்தப் பையன் கேட்டாலாவது பொறுத்துக்கிருவேன்.

தங்கப்பொண்ணைக் கேட்டேன்னு சொல்லு. அவளை மட்டும்.

அன்னக்கொடி


கோச்சடை
1938, புரட்டாசி 14

தம்பி சிவனாண்டிக்கு அக்கா எழுதுவது. அங்க எல்லாரும் சுகந்தானே? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உன்கிட்ட இருந்து ஒரு கார்டுகூட இல்ல. கோவத்துல ஏதோ எழுதிட்டேன். அக்காதானே.

இப்ப எனக்கு உன் உதவி வேணும். முந்தாநாள் நான் அரிசி எடுக்கச் சந்தைக்குப் போயிருந்தேன். செல்லத்தாய் ஆத்துக்குத் துணி அலசப் போயிட்டா. சொல்லாமக் கொள்ளாம அந்தப் பையன் வந்திருக்கான். நான் திரும்பி வாரேன், சைக்கிள் நிக்குது. உள்ள போனா, பின்கட்டு அறைக் கதவு திறந்து கிடக்கு. வாசப்படியில மாயக்காள் உக்காந்திருக்கா, அவனும் கால்சட்டையோட தரையில உக்காந்திருக்கான். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சான். சத்தம் போடல. மெதுவாத்தான் கேட்டான்.

"இந்தக் கதவை வெளிய பூட்டுனது யாரும்மா?"

"பூட்டலை. தாழ்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"சந்தைக்குப் போறதுக்கு. வந்துட்டேன்ல?"

"உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருந்தாங்க. எருமை தாகத்துல கத்துதுன்னு அழுதாங்க."

"அவ எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா? எப்பவும் தாழ் போடுவீங்களா?"

அரிசிப் பையைக் கீழ இறக்கி வச்சேன்.

உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? பங்குனி மாசம் அவ கிளம்பிப் போய் போடி ரயில் தண்டவாளத்துல உக்காந்துட்டா. கேட்டுக்காரன் ஓடி வந்து இழுத்துப் போட்டான். ரயில் அவ சேலையை உரசிக்கிட்டுப் போச்சாம். அதுக்கப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டு வெளிய தாழ்ப்பாள் அடிச்சேன். வேற என்ன செய்ய? கால்ல கயித்தைக் கட்டவா? சுருளிக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான்தானே?

இதையெல்லாம் அவன்கிட்டச் சொன்னேன். கேட்டுக்கிட்டான், ஆனாலும் நோட்டீஸ் கொடுத்துட்டுப் போயிட்டான். ஐப்பசி கடைசிக்குள்ள சரி பண்ணலைன்னா வீட்டை மூடணுமாம். மூடுனா இவங்களை எங்க கொண்டு போய் விடுறது? சத்திரத்து வாசல்லயா? மதுரை ஹெல்த் ஆபீசர் உனக்குப் பழக்கம்னு சொல்லியிருக்க. அவருக்கு ஒரு கடிதாசி போடு. சந்தைக்குத்தானே போனேன்? ஊரை விட்டா ஓடிப்போனேன்?

உடனே பதில் எழுது.

அக்கா
அன்னக்கொடி


ஓமலூர்
9-10-1938

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஹெல்த் ஆபீசருக்கு நான் எழுதமாட்டேன். ஏன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

போன மாசி மாதம், இந்த ஜில்லாவில் ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கேயும் உன்னைப் போல ஓர் அம்மாள் வயதானவர்களை வைத்துப் பராமரித்து வந்தாள். அவர்களில் ஒரு கிழவருக்கு எழுந்து எங்கேயாவது போய்விடும் பழக்கம். அதனால் வெளியே போகும்போதெல்லாம் தாழ்ப்பாள் போடுவாள். ஒரு நாள் பகலில் அடுப்பங்கரைக் கூரை பற்றிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை.

டாக்டருடன் போனவன் நான். அந்தக் கதவின் உள்பக்கத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. விசாரித்த வரையில் ஒருவரும் அவளைப் பற்றிக் குறை சொல்லவில்லை. தெருவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒன்றே சொன்னாள். "சந்தைக்குத்தானே போனேன்" என்றாள். நீயும் உன் கடிதத்தில் அதையே எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை.

அது பற்றி நான்தான் ரிப்போர்ட் எழுதினேன். அது சென்னைப்பட்டணம் போய், அங்கே யார் யாரோ ஜன்னலையும் தம்ளரையும் சேர்த்து உத்தரவாகத் திரும்பி வந்திருக்கிறது. எவன் எழுதினான் என்று கேட்டாயே, தம்ளர் என்னுடையது அல்ல. தாழ்ப்பாள் என்னுடையது.

நீ நல்லவள் என்று எனக்குத் தெரியும் அக்கா. அதனால்தான் எனக்குப் பயம். கெட்டவர்கள் வீட்டுக் கதவை நாங்கள் எப்படியும் போய்ப் பார்த்துவிடுவோம். நல்லவர்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம்.

மாயக்காளை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியவில்லை. உத்தரவிலும் அதற்கு வழி இல்லை. அது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

தம்பி
சிவனாண்டி


கோச்சடை
1938, ஐப்பசி 8

சிவனாண்டிக்கு,

கடிதாசி கிடைச்சுது. அன்னைக்கே ஆசாரியை வரச்சொல்லித் தாழ்ப்பாளைப் பிடுங்கியாச்சு.

இன்னைக்கு விடிஞ்சு பார்த்தா மாயக்காளைக் காணோம். ஆத்துப் பக்கம் பார்த்தாச்சு, தண்டவாளத்துப் பக்கம் பார்த்தாச்சு, இல்ல. இதைச் செல்லத்தாய்கிட்டத் தபால்ல போடச் சொல்லிட்டு நான் தேடப் போறேன். உன் உத்தரவுக்கு இப்ப சந்தோசமான்னு கேட்டுச் சொல்லு.

அன்னக்கொடி


ஓமலூர்
28-10-1938

அக்கா, கார்டு இப்போதுதான் கிடைத்தது. லீவு கேட்டேன், காலரா டூட்டி என்று மறுத்துவிட்டார்கள். மறுபடியும் கேட்டிருக்கிறேன். உசிலம்பட்டி ரோட்டில் பஸ்காரர்களிடம் சொல்லி வை. எது நடந்தாலும் தந்தி அடி. எது நடந்தாலும் அது உன் மேல் இல்லை. தங்கப்பொண்ணு சாப்பிடாமல் இருக்கிறாள். நானும்தான்.

சிவனாண்டி


கோச்சடை
1938, ஐப்பசி 29

சிரஞ்சீவி தம்பி சிவனாண்டிக்கும் தங்கப்பொண்ணுக்கும் அக்கா அன்னக்கொடி எழுதுவது. ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க. மாயக்காள் நல்லா இருக்கா. அன்னைக்கே கிடைச்சுட்டா.

அன்னைக்கே கிடைச்சுட்டான்னா ஏன் எழுதலைன்னு கேப்ப. வேணும்னுதான் எழுதல. ரிப்போர்ட் எழுதுனவன், பயந்தவன், அதை மாசக்கணக்கா நெஞ்சுல வச்சுக்கிட்டு அக்காகிட்டத் தாழ்ப்பாள் இருக்கா, இல்லையான்னு கேள்வி மட்டும் கேட்டியே. அக்காகிட்டச் சொன்னா என்ன, நாக்கு அழுகிப் போகுமா? நீயும் கொஞ்சம் தவிச்சுப் பாருன்னு விட்டுட்டேன். நேத்து தங்கப்பொண்ணுகிட்ட இருந்து ஒரு கடிதாசி வந்துச்சு, நீ சோறும் இல்லாம தூக்கமும் இல்லாமக் கிடக்கேன்னு. அதைப் படிச்சப்புறம்தான் எனக்கே என் மேல வெறுப்பாப் போச்சு. சரி, அது போகட்டும்.

அன்னைக்கு ஜட்கா பிடிச்சு மேற்கே ரோட்டோட போனேன். நாகமலை அடிவாரத்துல ஒரு புளியமரத்துக்குக் கீழ சுள்ளி பொறுக்கிக்கிட்டு நின்னா. எனக்கு உசுரு வந்துச்சு, கூடவே ஆத்திரமும் வந்துச்சு.

"எங்க ஆத்தா கிளம்பிட்ட?"

"எருமைக்குத் தண்ணி காட்டணும்."

"வா, வீட்டுக்குப் போவோம்."

"நீ போ. உனக்கு எருமை இல்ல."

கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன். அந்த உடம்புல அம்புட்டு பலம். ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் என்னைத்தான் முறைக்கிறான். என்ன பண்றதுன்னே தெரியல. ஜட்காக்காரனைப் பின்னாடி மெதுவா வரச்சொல்லிட்டு அவ கூடவே எழுமலைப் பக்கமா நடக்க ஆரம்பிச்சேன். எருமையைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தா. கொம்பு எப்படி வளைஞ்சிருக்கும், யாரைக் கண்டா முட்டும், எல்லாம். இம்புட்டு நாள் என் வீட்டுல இருந்தவ இம்புட்டுப் பேசுவான்னு எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. நின்னா. வானத்தைப் பார்த்தா. "மழை வரும்போல. நாளைக்குப் பாத்துக்கிரலாம்"னு அவளாவே திரும்பி, ஜட்காவுல ஏறி உக்காந்துக்கிட்டு, "நீ வரலையாடி?"ன்னு என்னைக் கேக்குறா.

அவளுக்குக் கிளம்பணும். அம்புட்டுத்தான். போய்ச் சேரணும்னு இல்ல. கூட ஒருத்தி வந்தா அதுவே போதுமா இருக்கு. இது தெரியாம நான் கதவை அடைச்சு வச்சிருந்தேன். உள்ள இருந்து அவ தட்டுன சத்தத்தை எத்தனை நாள் கேட்டுக்கிட்டே அரிசி களைஞ்சிருக்கேன்னு நெனைச்சா, சோறு இறங்க மாட்டேங்குது.

இப்ப தினம் காலையில நாங்க எழுமலைக்குக் கிளம்புறோம். சில நாள் விராட்டிபத்து வரைக்கும், சில நாள் அதுக்கும் முன்னாடியே வெயில் அதிகம்னு அவளே திரும்பிருவா. அதுவரைக்கும் வீட்டைச் செல்லத்தாய் பார்த்துக்கிறா.

முந்தாநாள் நாங்க திரும்பி வாரோம், எதுத்தாப்புல சைக்கிள். நோட்டீஸ் கெடு முடியுதுன்னு வந்திருக்கான். செல்லத்தாய் இந்தப் பக்கம் கையைக் காட்டி அனுப்பியிருக்கா. "நீங்க ரெண்டு பேரும் ஓடிப் போயிட்டீங்கன்னு நெனைச்சேன்"னு இறங்குனான். மாயக்காள் அவனை மேலயும் கீழயும் பார்த்தா. "வெறுங்கையோட வாரான் பாரு"ன்னு சுள்ளிக் கட்டைத் தூக்கி அவன் கையில கொடுத்துட்டா. சர்க்கார் உத்தியோகஸ்தன், அதை வாங்கி சைக்கிள் கேரியர்ல கட்டுனான். கோட்டெல்லாம் முள்ளு. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு எங்க கூடவே நடந்தான். "அதை ஏன் இழுத்துக்கிட்டு வார? விட்டா அதுவா வரும்"னு வழி நெடுக அவனைத் திட்டிக்கிட்டே வந்தா.

வீட்டுக்கு வந்து கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையை விரலால தடவிப் பார்த்தான். நோட்டீஸை ரத்து பண்ணிட்டான். அப்புறம் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். "இந்த நடையை நான் என்னன்னும்மா எழுதுறது? ரூல்ல இதுக்கு இடமில்லையே."

"எழுமலைக்குப் போறோம்னு எழுது."

"அப்படி எழுதுனா என்னை வேலையை விட்டு எடுத்துருவாங்க." கடைசியில "எக்சர்சைஸ்"னு எழுதுனான். அதைக் கேட்டதுல இருந்து பேயாண்டி அண்ணன் தனக்கும் எக்சர்சைஸ் கொடுத்தே ஆகணும்னு உயிரை எடுக்குறாரு. இந்த ரெண்டையும் இழுத்துக்கிட்டு ரோட்டுல நடந்தா எனக்கு யாரு எக்சர்சைஸ் கொடுக்குறது?

நீ எழுதியிருந்த அந்த அம்மா இப்ப எங்க இருக்கா? யாராவது அவளுக்குச் சோறு போடுறாங்களா? அதை விசாரிச்சு எழுது. லீவு கிடைச்சதும் தங்கப்பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் காலையில கிளம்ப வேண்டியிருக்கும், சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. எல்லாம் முடிஞ்சு சைக்கிளை எடுத்துட்டான்னு நெனைச்சேன். திரும்பி வந்து, மாயக்காள் தினம் கொண்டாந்து சமையல்கட்டுச் சுவரோரமா அடுக்கி வச்சிருக்கிற சுள்ளியைப் பார்த்தான். ஈர விறகுல தேள் அடையுமாம், உடனே அப்புறப்படுத்தணுமாம். அன்னைக்குக் காலையில அவன் கொண்டாந்த கட்டும் அதுலதான் கிடந்துச்சு! நான் அதை எடுத்துப் போட்டா மாயக்காள் என்னைக் கொன்னுருவா, போடலைன்னா அவன் நோட்டீஸ் கொடுப்பான். உங்க சர்க்காரைக் கேட்டு எழுது, நான் யாருக்குப் பயப்படணும்?

பிள்ளைகளா, நல்லா இருங்க.

அக்கா
அன்னக்கொடி